கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர் மனசு திறந்து பேசினால் என்ன செய்வது?

வாசகர் ஒருவரின் கேள்வி, 9 பிப்ரவரி 2025

விசேஷ வீட்டில் யாரென்றே தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொந்தக் கதை முழுவதையும் சொல்ல ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். ஒன்று, கடைசியில் கடன் கேட்பார்கள். இல்லையென்றால் அதே கதையை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருப்பார்கள். நிஜமாகவே மனசில் பாரம் உள்ளவர் அந்நியரிடம் வாய் திறக்கமாட்டார் என்பது என் எண்ணம். யாருக்காவது வேறு மாதிரி அனுபவம் உண்டா?

9 பிப்ரவரி, இரவு

எனக்கு உண்டு. அதுவும் இந்தத் தை மாதத்தில்தான். கடன் கேட்கவில்லை, அழவில்லை, ஊர் முழுக்கச் சொல்கிற கதையும் இல்லை. அதனால் பாரம் உள்ளவர் அந்நியரிடம் வாய் திறக்கமாட்டார் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

எனக்குச் செங்கோட்டை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், புனலூர்ப் பக்கம் ஒரு ஆடிட்டோரியத்தில் கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை என் நண்பரின் மகன், பெண் வீட்டார் அந்தப் பக்கத்துத் தமிழர்கள். நண்பர் மேடையில் நிற்கிறார், என்னோடு வேனில் வந்தவர்கள் எல்லோரும் போட்டோவுக்கு வரிசையில் நிற்கிறார்கள், எனக்கு வேறு யாரையும் தெரியாது. ஸ்பீக்கர் சத்தம் தாங்காமல் பின்னால் கைகழுவுகிற இடத்தை ஒட்டிக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, பாயசக் கப்போடு வந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ள வீடா தம்பி?"

"ஆமாக்கா. செங்கோட்ட."

"அப்ப இங்கிட்டு அடிக்கடி வர மாட்டீங்க."

"இல்லக்கா, இந்த மாதிரி விசேஷம்னாத்தான்."

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எதிரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையனைக் காட்டி, "எம் பேரன். மே மாசம் என்னைய சிலோனுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்" என்றார். நல்லதுதானே என்றேன். "எனக்கு சிலோன் ஒண்ணுமே ஞாபகம் இல்ல தம்பி. வீட்ல யாருக்கும் அது தெரியாது" என்றார்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன், பெரிசாகப் போகும்.

10 பிப்ரவரி, காலை

அவசரமாக ஒன்று மட்டும். அவர் எந்தத் தோட்டம், எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். வயசு, உறவு போன்ற சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். குளத்துப்புழா, ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்து நண்பர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். தயவுசெய்து இன்னார்தானே என்று என்னிடம் கேட்காதீர்கள், யாரிடமும் போய் விசாரிக்கவும் வேண்டாம்.

10 பிப்ரவரி, இரவு

சரி, கதைக்கு வருகிறேன்.

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள் இல்லையா, இலங்கைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று. அந்த ஒப்பந்தத்தில் வந்த குடும்பம் அவருடையது. தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அப்புறம் கேரளத்தில் ரப்பர்த் தோட்டம். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் புனலூரைத் தலைமையிடமாக வைத்து 1976இல் ரிஹாபிலிட்டேஷன் பிளான்டேஷன்ஸ் என்ற அரசு நிறுவனமே தொடங்கினார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் இவர்களைப் பொதுவாகச் சிலோன்காரர்கள் என்றுதான் சொல்வோம்.

வரும்போது அவருக்கு ஆறு வயசு இருக்கலாம். கப்பலில் வாந்தி எடுத்தது ஞாபகம் இருக்கிறது, யாரோ ஒரு பெண் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து மோந்துக்கோ என்றது ஞாபகம் இருக்கிறது. மண்டபத்தில் மணல் சுட்டது. அதற்கு முன்னால் எதுவும் இல்லை. "கண்ண மூடி மூடிப் பாத்துட்டேன் தம்பி, மண்டபத்துக்கு அங்கிட்டுப் போகவே மாட்டேங்குது" என்றார்.

ஆனால் வீட்டில் அவர்தான் சிலோன் அம்மாச்சி. ஹட்டன் பக்கம் இருந்த தோட்டம், லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு), விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டத் தப்பு அடிக்கிற சத்தம், கொழுந்து நிறுக்கிற இடத்தில் கங்காணியோடு நடக்கிற சண்டை, மாசி மாதத்துக் காமன் கூத்து, வீட்டுக்குக் கீழே ஓடுகிற ஆறு, எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லி, இப்போது பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தனையும் அவருடைய அம்மா சொன்னது. அம்மா சாயங்காலம் விறகடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லக் கேட்டது. அம்மா இறந்த பிறகு, பிள்ளைகள் கேட்டபோது "அங்க எங்க வீட்டுக்குக் கீழ ஒரு ஆறு" என்று தொடங்கியிருக்கிறார். எப்போது அது "நான் குளிச்ச ஆறு" ஆனது என்று அவருக்கே தெரியவில்லை.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள் அல்லவா, அப்போதே மகன் பேச்செடுத்திருக்கிறார். கப்பல் என்றால் எனக்கு வாந்தி வரும் என்று சொல்லித் தட்டிக்கழித்தாராம். இப்போது மகன் திருவனந்தபுரத்திலிருந்து விமானம், அப்புறம் வேன் என்று எல்லாம் ஏற்பாடு பண்ணிவிட்டார். அம்மாச்சி பிறந்த வீட்டு வாசலில் அம்மாச்சியை நிறுத்தி வீடியோ எடுக்க வேண்டும் என்று பேரன் துள்ளிக்கொண்டிருக்கிறான்.

"அந்த எடத்துல போய் நின்னு நான் எதைக் காட்டுவேன்?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பயம்தான் இருந்தது. உங்கள் கேள்வியில் பாரம் என்று எழுதியிருந்தீர்களே, அது இருந்தது. நான் பார்த்தேன்.

நடுவில் அவரே சிரித்தும் விட்டார். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று பேரன் கேட்டானாம், கழுத்தளவு என்று சொல்லிவிட்டாராம். "ஆறு வயசுப் பிள்ளைக்குக் கழுத்தளவுன்னா உங்களுக்கு முட்டளவுதான தம்பி, அது பொய் இல்லதான?" இல்லவே இல்லை என்றேன். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம்.

11 பிப்ரவரி

"அகதியாக வந்தவர்களுக்கு இப்படித்தான் நினைவுகள் குழம்பும்" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். அவர்கள் அகதிகள் இல்லை. ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை பெற்று, இந்திய பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு படகில் வந்து முகாம்களில் இருப்பவர்களின் நிலைமை வேறு, சட்டமும் வேறு. இதைப் போட்டுக் குழப்பியதால் பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் அலைந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும், அதனால்தான் குறுக்கிட்டுச் சொல்கிறேன்.

நினைவு குழம்புவது பற்றி: அவருக்குக் குழப்பம் ஒன்றும் இல்லை. எது தன் ஞாபகம், எது அம்மாவின் ஞாபகம் என்று மிகத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அந்தத் தெளிவை வைத்துக்கொண்டுதான் தவிக்கிறார்.

11 பிப்ரவரி, மாலை

சரி, ஏன் என்னிடம்? மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

கியோர்க் சிம்மல் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1908லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நெருங்கியவர்களிடம் பத்திரமாக மறைத்து வைக்கிற விஷயத்தைக்கூட வெளியாளிடம், பாவமன்னிப்புக் கேட்கிற மாதிரி, சொல்லிவிடுவார்கள் என்று. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் எப்லி என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த சோதனைகளும் உண்டு. முன்பின் தெரியாத இரண்டு பேரை உட்கார வைத்து அந்தரங்கமான கேள்விகளைக் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். ரொம்பச் சங்கடமாக இருக்கும் என்று முன்கூட்டி நினைத்தவர்கள், பேசி முடித்த பிறகு அவ்வளவு சங்கடமாக இல்லை, நன்றாகத்தான் இருந்தது என்று சொன்னார்கள். எதிராளி நம் விஷயத்தில் இவ்வளவு அக்கறை காட்டுவார் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அந்தச் சோதனையில் இருந்தவர்கள் எழுந்து வெளியே போனால் திரும்பச் சந்திக்கப் போவதில்லை. நம் கல்யாண மண்டபத்தில் அப்படியா? எந்த ஊர், யார் வீடு என்று ஐந்து நிமிஷம் பேசினால் கொழுந்தியாள் வழியிலோ சம்பந்தி வழியிலோ ஏதாவது ஒரு முடிச்சு வந்துவிடும். முழு அந்நியன் என்று இங்கே யாரும் இல்லை. அப்படியானால் எப்படி நம்பினார்?

என் பதில் இது. எங்களுக்கு நடுவில் மலை இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரில், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர், அதனால் புனலூரில் பேசுகிற பேச்சு, நடக்கிற முறை எதுவும் எங்களுக்குப் புதிதில்லை. லயம் என்றால் என்ன, தோட்டத்தில் வேலை செய்தவருக்கு ஊருக்குள் என்ன மரியாதை கிடைக்கும், ஒரு அம்மாச்சிக்கு வீட்டில் என்ன இடம், எதையும் அவர் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் நான் புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் அவருடைய தெருவில் என் வாயிலிருந்து ஒரு சொல் விழாது. எல்லாம் புரிகிற ஆள், ஆனால் ஊரில் இருக்கப் போகாத ஆள். அவருக்கு அப்படி ஒருவர் வேண்டியிருந்தது. "இங்கிட்டு அடிக்கடி வர மாட்டீங்க" என்று முதலில் கேட்டாரே, அதைச் சும்மா கேட்டதாக நான் அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆளை எடை போட்டுவிட்டுத்தான் பேசியிருக்கிறார்.

எல்லைப் பக்கத்தில் இருக்கிற மற்றவர்களும் சொல்லுங்கள். வாளையாறு, குமுளி, நகரிப் பக்கமெல்லாம் இப்படி உண்டா? எங்கள் வீட்டிலேயே, என் அம்மா தன் பெரிய கஷ்டத்தை எல்லாம் உள்ளூரில் யாரிடமும் சொன்னதில்லை, ஆரியங்காவில் கட்டிக்கொடுத்த ஒரு தூரத்துச் சித்தியிடம்தான் சொல்லுவாள்.

12 பிப்ரவரி

ரயில் இல்லாத காலத்தில் போக்குவரத்து எப்படி என்று கேட்ட தம்பிக்கு: செங்கோட்டை – புனலூர் மீட்டர் கேஜ் 1904இல் வந்தது. அகலப்பாதை வேலைக்காக 2010இல் நிறுத்தினார்கள், முழுசாகத் திரும்ப ஓடத் தொடங்கியது 2018இல். அந்த எட்டு வருஷம் பஸ்தான். அம்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் மலைப்பாதை வளைவுகளில் வயசானவர்களுக்குத் தலைசுற்றும், சின்னச் சின்ன விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். கல்யாணம், சாவு இரண்டுக்கும்தான் போக்குவரத்து. இப்போது ரயில் வந்தும் பழைய நெருக்கம் வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கழுதுருட்டி பதிமூணு கண் பாலத்தைப் பார்க்க எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று கேட்டவர், ரோட்டிலிருந்து பாருங்கள், அதுதான் அழகு. ரயிலில் இருந்தால் பாலத்தின் மேலே இருப்பீர்கள், கண் எப்படித் தெரியும்?

13 பிப்ரவரி, இரவு

"பொய் சொல்லி வளர்த்த பாட்டி, உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே, இதில் என்ன இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதையேதான் நானும் அங்கே சொன்னேன், கொஞ்சம் மரியாதையாக. "மகன்கிட்ட மட்டுமாவது சொல்லிருங்களேன்க்கா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சொல்லலாம். மகன் ஒண்ணும் சொல்ல மாட்டான். ஆனா அதுக்கப்புறம் என்கிட்ட எதைக் கேப்பாங்க?" என்றார்.

இந்தப் பதில் எனக்குப் பல நாள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த வீட்டில் பேரப்பிள்ளைகள் அவர் பக்கத்தில் வந்து உட்காருவது சிலோன் கதைக்குத்தான். மகனுக்கு அம்மா என்றால் சிலோனில் பிறந்தவள், அதில் அவருக்குப் பெருமை. ரப்பரில் இத்தனை வருஷம் பால் வெட்டியது யாருக்கும் ஒரு கதையே இல்லை. அது எல்லோரும் செய்தது, பக்கத்து வீட்டு அம்மாவும் செய்தது. சொல்லப்போனால் அதை மறைக்கத்தான் பார்க்கிறார்கள், மகன் இப்போது நல்ல நிலையில் இருக்கிறார்.

அதனால் நான் கேட்டேன், "ரப்பர் வெட்டுறது கஷ்டமாக்கா?"

இதைத் திட்டம் போட்டுக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் இலை முழுக்கக் கொட்டி மொட்டையாக நின்றன, தையில் அப்படித்தான் இருக்கும், அதைப் பார்த்துக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் பேசிய பேச்சுக்குப் பக்கத்தில் சிலோன் கதை ஒன்றுமே இல்லை.

14 பிப்ரவரி

ரப்பர் பகுதியைத் தனியாக எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன், எனக்கும் அதுதான் ஆசை.

பாயசம் தீர்ந்த பேப்பர் கப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் யாரோ ஐஸ்கிரீம் சாப்பிட்டுப் போட்டிருந்த மரக்கரண்டியை எடுத்தார். "இதுதான் மரம்னு வச்சுக்கோங்க." கப்பின் மேல் இடது பக்கம் உயரத்தில் தொடங்கி வலது பக்கம் சாய்வாகக் கீழே இறங்குகிற மாதிரி ஒரு கோடு இழுத்தார். இழுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். கை மட்டும் அசையவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடம்பு முழுவதும் அந்தக் கோட்டோடு சேர்ந்து வலது பக்கம் திரும்பியது. ஏன் இடமிருந்து வலம் என்று கேட்டேன். பட்டைக்குள் பால் நரம்பு நேராக ஓடாது, கொஞ்சம் சாய்ந்து ஓடும், இப்படி வெட்டினால்தான் நிறைய நரம்பு அறுபடும், பால் கூடக் கிடைக்கும் என்றார். மாற்றி வெட்டினால் மரமும் வீண், கூலியும் வீண்.

ஒவ்வொரு தடவையும் ரொம்ப மெல்லிசாகத்தான் சீவ வேண்டும். பட்டைக்கும் தடிக்கும் நடுவில் ஈரமான மெல்லிய தோல் ஒன்று இருக்கும், அதில் கத்தி பட்டால் மரத்துக்குக் காயம். காயம் ஆறும், ஆனால் முண்டு முண்டாக ஆறும், திரும்பப் பட்டை வளர்ந்த பிறகு அதன் மேல் கத்தி ஓடாது. அந்தத் தோலுக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்த வேண்டும். இருட்டில், நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு. "கண்ணால பாத்து நிறுத்த முடியாது தம்பி. கத்தி சொல்லும். பட்டைல ஓடும்போது ஒரு சத்தம், தோலுக்குக் கிட்டப் போனா வேற சத்தம்."

விடியும் முன்னே போவது, வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும் என்பதால். ஒரு ஆளுக்கு முந்நூறு மரம் கணக்கு. வெட்டி முடித்துவிட்டுக் கட்டன் சாயா, அப்புறம் வாளியை எடுத்துக்கொண்டு முதல் மரத்துக்குத் திரும்ப வந்து, சிரட்டையில் நிறைந்த பாலை ஊற்றிக்கொண்டே போக வேண்டும். சிரட்டையிலும் கோட்டிலும் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால், அடுத்த தடவை கத்தியை வைக்கும் முன் அதை உரித்துக் கூடையில் போட வேண்டும், அதற்குத் தனி எடை. அந்த ஒட்டுப்பால் நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது என்றும், தன் கல்யாணத்தன்று மஞ்சளை அரைத்துப் பூசியும் போகவில்லை, மாப்பிள்ளையும் வெட்டுக்காரர் என்பதால் அவருக்குத் தெரியவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார்.

தன் பிளாக்கில் இருந்த ஒவ்வொரு மரத்தையும் அவருக்கு இப்போதும் தெரியும். எது கொடுக்கிற மரம், எது மழைக்காலத்தில் மட்டும் கொடுக்கும், எதன் அடியில் பாம்புப் புற்று, எந்த மரத்தடியில் வைத்து முதல் பிள்ளைக்கு வலி எடுத்தது. வரிசையாகச் சொன்னார். சிலோனில் ஒரு மரம்கூட ஞாபகம் இல்லை என்று கால்மணி நேரம் முன்னால் தலை குனிந்து சொன்னவர்.

யாரும் அவரிடம் இதைக் கேட்டதே இல்லையாம். "இதக் கேட்டா நான் ராவெல்லாம் பேசுவேன் தம்பி."

14 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

நாகர்கோவில் நண்பர் எழுதியதற்கு நன்றி. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்திலும் வெட்டுக்காரர்கள் இதே மாதிரி "கத்தி சொல்லும்" என்பார்கள் என்று படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உங்கள் அப்பாவிடம் இன்னும் கேட்டு எழுதுங்கள்.

16 பிப்ரவரி

"அவர் இவ்வளவு சொன்னாரே, நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்ற கேள்வியை இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டுவிட்டேன். நியாயமான கேள்வி. ஒருவர் மனசைத் திறந்து வைக்கும்போது நாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தால் அது சரியில்லை என்று அங்கேயே தோன்றியது.

தென்காசிப் பக்கம் ஒரு அரிசி மண்டியில் நான் பங்குதாரர் என்றுதான் என் சொந்தக்காரர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பங்கு கைவிட்டுப் போய்ச் சில வருஷம் ஆகிறது. இப்போது அதே மண்டியில், அதே மேஜையில் உட்கார்ந்து சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். என் மனைவிக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அவர் தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து "எம் மவன் மண்டி" என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. இதை அந்த அக்காவிடம் சொன்னேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அவர் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லிவிடு என்றும் சொல்லவில்லை. "சம்பளம் மாசாமாசம் ஒழுங்கா தாராங்களா?" என்றார்.

தருகிறார்கள் என்றேன். "அது போதும்" என்று சொல்லிவிட்டு, போளி வாங்கி வருவதற்கு எழுந்து போனார். எனக்கும் சேர்த்து இரண்டு வாங்கி வந்து, அந்தப் பக்கத்து வழக்கப்படி பால் பாயசத்தை மேலே ஊற்றிக் கொடுத்தார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு எவ்வளவு ஆறுதல் கிடைத்தது என்று இங்கே எழுதிப் புரிய வைக்க முடியுமா தெரியவில்லை. என் விஷயத்தில் மானம், அந்தஸ்து எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுச் சோற்றுக்கு வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தவர் அவர்தான்.

17 பிப்ரவரி

இல்லை, போன் நம்பர் வாங்கவில்லை. அவரும் கேட்கவில்லை. நம்பர் வாங்கியிருந்தால் அது உறவாகியிருக்கும், உறவானால் பொங்கலுக்கு வாழ்த்து, பேரன் பிறந்தநாள் என்று போய், அந்தப் பேச்சு மட்டும் நடுவில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கும்.

வேன் கிளம்பும்போது வாசலில் நின்றிருந்தார், மகன் பக்கத்தில் இருந்தார். "மாப்பிள்ள வீட்டுக்காரங்க, செங்கோட்ட" என்று மகனிடம் என்னை அறிமுகப்படுத்தினார். மகன் கைகொடுத்தார், மே மாதம் சிலோன் போகப் போவதை அவராகவே சந்தோஷமாகச் சொன்னார். நான் நல்லபடியாகப் போய்ட்டு வாங்க என்றேன். அந்த அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, தேவையும் இல்லை.

2 மார்ச்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "நீங்கள் சொல்வது ஒரு நல்ல அனுபவம், ஆனால் கேட்பவருக்கு அது சுமைதானே, மகனைப் பார்க்கும்போது உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றவில்லையா" என்று எழுதியிருக்கிறார்.

தோன்றியது. வாசலில் கைகொடுத்தபோது நிஜமாகவே தோன்றியது. வேனில் வரும்போது தென்மலை தாண்டும் வரைக்கும், நண்பரிடம் சாடையாகச் சொல்லி, அவர் சம்பந்தி வழியாக மகனின் காதில் போட்டு, அந்தப் பயணத்தைக் கொஞ்சம் வேறு மாதிரி அமைக்கச் சொல்லலாமா என்றெல்லாம் யோசித்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் அவர் என்னிடம் யோசனை கேட்கவில்லை, தூதும் போகச் சொல்லவில்லை. கேட்கச் சொன்னார், கேட்டேன். என் அப்பாவிடம் யாராவது நல்ல எண்ணத்தில் மண்டி விஷயத்தைச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? ஆரியங்காவு வருவதற்குள் முடிவு பண்ணிவிட்டேன், வாயைத் திறப்பதில்லை என்று. அதற்கப்புறம் சுமையாக இல்லை.

பிரானூரில் பார்டர் கடைப் பரோட்டாவுக்கு வேனை நிறுத்தினார்கள். சத்யா விருந்தும் போளியும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகவில்லை, எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நானும்தான்.

8 ஜூன்

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். "அந்த அம்மா சிலோன் போனார்களா" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக.

போய்விட்டு வந்துவிட்டார்கள். நண்பர் மருமகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் பேரன் எடுத்த வீடியோக்களை அவருக்கு அனுப்பியிருக்கிறான், அவர் என் மண்டிக்கு வந்து ஒன்றை மட்டும் காட்டினார், சிரித்துக்கொண்டே. பிறந்த வீட்டு வாசல் வீடியோ அதில் இல்லை, நானும் கேட்கவில்லை.

கொழும்பிலிருந்து மலைக்கு ஏறுகிற வழியில், அவிசாவளைப் பக்கம் என்று நினைக்கிறேன், ரோட்டோரம் ரப்பர்த் தோட்டம். அக்கா வேனை நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்கிறார். வீடியோவில் அவர் ஒரு மரத்தடியில் நின்று, கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டே வலது பக்கம் நகர்கிறார். பிறகு திரும்பி, யாரிடமோ சண்டைக்குப் போகிற குரலில், "எவன் வெட்டுனது இது? இப்படியா காயம் போடுறது? இந்த மரம் இன்னும் எத்தன வருஷம் குடுக்க வேண்டியது" என்கிறார். காமிராவுக்குப் பின்னாலிருந்து பையன் சிரிக்கிற சத்தம். அப்புறம் அவன், "அம்மாச்சி, அப்ப எப்படி வெட்டணும்?" என்று கேட்கிறான்.

"சிலோன் பாக்கப் போன எடத்துல ரப்பரப் பாத்துட்டு நிக்காங்க பாருங்க" என்றார் நண்பர். இன்னொரு தடவை போடுங்க என்று வாங்கிப் பார்த்தேன்.

ஆவணியில் நண்பரின் இளைய மகளுக்கு நிச்சயதார்த்தம், இங்கே செங்கோட்டையில்தான். பெண் கொடுத்தவர்கள் என்ற முறையில் அந்த வீட்டார் எல்லோரும் வருவார்கள். அக்காவும் வந்தால், மழைக்காலத்தில் மரத்துக்குப் பிளாஸ்டிக் மறைப்பு ஒட்டுவது எப்படி என்று கேட்க வேண்டும், அன்றைக்கு அதை ஆரம்பித்தார், பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.